ஒரு துகளும் 518 கைனேஸ்களும்

நெய்வேலியில் முதலில் வெட்டுவது நிலக்கரியை அல்ல, மண்ணை. ஒரு டன் பழுப்பு நிலக்கரி வேண்டுமென்றால் ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணை அள்ளி அப்புறப்படுத்தியாக வேண்டும். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் ஷிப்டுக்கு ஷிப்டு நிற்காமல் அதைத்தான் செய்கின்றன. அள்ளிய மண் கன்வேயரில் ஏறிக் கிலோமீட்டர் கணக்கில் ஓடி, ஸ்பிரெட்டர் வழியாக நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டப்படுகிறது.

1934-ல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ கிடைத்தது என்பது ஊரறிந்த கதை. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது, 1962-ல் மின்சாரம் வந்தது. அன்று தொடங்கி இன்றுவரை மூன்று சுரங்கங்களிலும் தோண்டிக் குவித்த மண் மலைகளைப் பார்க்காமல் மந்தாரக்குப்பம் பக்கம் போய்வர முடியாது.

அந்த மண்ணில் பெரும்பங்கு கடலூர் மணற்கல். மணற்கல் என்றால் குவார்ட்ஸ், குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. வெட்டியவுடன் நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர் என்பதால் அது உடனே பறப்பதில்லை. காய்ந்து பொடியான பிறகும், கொதிகலனில் எரிந்து சாம்பலான பிறகும்தான் அதன் தூசு தொல்லை. மணற்கல் தூசுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மே மாத வெயிலில் ஒரு டிப்பர் போனாலே போதும். தண்ணீர் லாரி தெளித்துவிட்டுப் போன பாதை அரை மணியில் மறுபடி காய்ந்துவிடும்.

கண்ணுக்குத் தெரிகிற தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியாக வெளியேறிவிடுகிறது. ஆபத்து கண்ணுக்குத் தெரியாததில் இருக்கிறது. நான்கைந்து மைக்ரானுக்கும் குறைவான துகள், அதாவது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்று, மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே அதை எதிர்கொள்வது மேக்ரோபேஜ் என்கிற செல். சுமார் 20 மைக்ரான் அகலம், ஊர்ந்து போகும், எதிர்ப்பட்டதை விழுங்கும். கிருமியானாலும் கல்லானாலும் அதற்கு ஒன்றுதான். கிருமியைச் செரித்துவிடும். கல்லை?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் கைனேஸ் என்ற புரதக் குடும்பத்துக்கு வந்து சேர வேண்டும்.

கைனேஸ் செய்வது ஒரே வேலை. ஏ.டி.பி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி, இன்னொரு புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டும். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் உருவம் மாறும், உருவத்தோடு வேலையும் மாறும். கழற்றிவிடுவதற்கு பாஸ்படேஸ் என்று வேறு நொதிகள் உண்டு. 1950-களின் நடுவில் அமெரிக்காவின் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையில் சர்க்கரை எப்படி விடுவிக்கப்படுகிறது என்று ஆராயப்போய் இந்த ஒட்டு வேலையைக் கண்டுபிடித்தார்கள். அது உடம்பு முழுக்க நடக்கிற காரியம் என்று உலகம் உணரப் பல ஆண்டுகள் ஆயின. நோபல் பரிசு 1992-ல்தான் வந்தது. மனித மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்துப் பட்டியலிட்டபோது கைனேஸ்களின் எண்ணிக்கை 518 என்று 2002-ல் கணக்குச் சொன்னார்கள்.

நோயெதிர்ப்புச் செல்லுக்குள் இவை தனித்தனியாக வேலை செய்வதில்லை. நெய்வேலி கன்வேயர்களைப் போல ஒன்று இன்னொன்றுக்குக் கைமாற்றிக்கொண்டே போகும். மேக்ரோபேஜின் மேல்பரப்பில் இருக்கும் டோல் ஏற்பி ஒரு பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கைத் தொட்டதும் ஐராக்-4 என்ற கைனேஸ் விழிக்கிறது. அதன் தொடர்ச்சியாக டாக்-1, அடுத்து ஐ.கே.கே. கடைசியில் இருப்பது ஐ-கப்பா-பி என்ற காவல் புரதம். என்.எஃப்-கப்பா-பி என்ற புரதத்தைச் செல்லின் கருவுக்குள் நுழையவிடாமல் பிடித்துவைத்திருப்பது அதுதான். ஐ.கே.கே அந்தக் காவலனின் 32-வது, 36-வது இடங்களில் இரண்டு பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. அது காவலனை அழிக்கச் சொல்லும் குறி. செல் அதைப் படித்துக் காவலனைச் சிதைத்துவிடுகிறது. பிடி விட்டதும் என்.எஃப்-கப்பா-பி கருவுக்குள் நுழைந்து, அழற்சிக்கான நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. தொட்டதிலிருந்து இதுவரை சில நிமிடங்களே. 1986-ல் இந்தப் புரதத்தை முதன்முதலில் கண்டவர்கள் டேவிட் பால்டிமோரும் அவரது ஆய்வகத்தில் இருந்த இந்தியரான ரஞ்சன் சென்னும்.

காய்ச்சல், வீக்கம், சிவப்பு, வலி எல்லாம் இந்தச் சங்கிலியின் மறுமுனையில் விளைபவை.

சிலிக்கா கதைக்கு இரண்டாவது கட்டம் ஒன்று இருக்கிறது. விழுங்கிய துகளை மேக்ரோபேஜ் தன் அமிலப்பைக்குள் தள்ளுகிறது. குவார்ட்ஸ் கரையாது. பை கிழிகிறது. உள்ளே இருந்த நொதிகள் செல்லுக்குள் கசிகின்றன. அந்தக் கசிவை என்.எல்.ஆர்.பி-3 என்ற புரதத் தொகுதி உணர்ந்து, ஏற்கெனவே தயாராக வைத்திருந்த இன்டர்லூகின்-1 என்ற அழற்சிச் செய்தியை வெளியே கொட்டுகிறது. 2008-ல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் சிலிக்காவையும் கல்நாரையும் வைத்து இதை நிறுவின. அந்தத் தொகுதி கூடுவதற்கு நெக்-7 என்ற கைனேஸ் உடனிருந்தே ஆக வேண்டும் என்பது 2016-ல் தெரிந்தது. வியப்பு என்னவென்றால், அங்கே அது பாஸ்பேட் ஒட்டுவதே இல்லை. தோள் கொடுத்து நிற்பது மட்டும்தான் அதன் வேலை.

பிறகு அந்த மேக்ரோபேஜ் செத்துப்போகிறது. துகள் மட்டும் அப்படியே வெளியே விழுகிறது. அடுத்த மேக்ரோபேஜ் வந்து அதை விழுங்குகிறது. சிலிக்கா தூசால் நுரையீரலில் தழும்பு விழும் சிலிகோசிஸ் நோய், வேலையை விட்டு ஓய்வுபெற்ற பிறகும் முற்றிக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம். தூசு நின்றுவிட்டது, உள்ளே போன துகள் நிற்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். காற்று தூசைக் கலைத்துவிடுவதால், நிலத்தடிச் சுரங்கத்தின் மூடிய பாதைகளில் சேருகிற அடர்வு இங்கே சேராது. கல்குவாரியிலும் கல் உடைக்கும் ஆலையிலும் மூச்சு வாங்குகிறவர்களின் நிலை இதைவிட மோசம். ஆனாலும் கன்வேயர் மாற்றும் முனைகளில், சாம்பல் கையாளும் இடங்களில், மண் குவியல்களின் மேல் நிற்கிறவர்களுக்கு ஆபத்து இருக்கிறது. அங்கே பெரும்பாலும் நிற்பவர்கள் யார் என்று நெய்வேலியில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காண்ட்ராக்ட் தொழிலாளர்கள்தான். நிலக்கரிச் சுரங்கங்களுக்கான 2017 ஒழுங்குமுறைகள், மூச்சில் புகும் தூசு காற்றின் ஒரு கன மீட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கின்றன. தூசில் சிலிக்காவின் பங்கு கூடினால் இந்த வரம்பு இன்னும் இறுகும். நிரந்தரத் தொழிலாளியின் நுரையீரலுக்கு ஒரு வரம்பு, காண்ட்ராக்ட் தொழிலாளியின் நுரையீரலுக்கு வேறு வரம்பு என்று அதில் எங்கும் இல்லை.

தழும்பு விழுந்த நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. தழும்பு கட்டும் செல்களுக்குக் கட்டளை தருவதும் கைனேஸ்கள்தான் என்பதால் அங்கே ஒரு பிடி கிடைத்திருக்கிறது. நின்டெடனிப் என்ற மாத்திரை அந்தச் செல்களின் மேல்பரப்பில் இருக்கும் கைனேஸ் ஏற்பிகள் சிலவற்றை அடைக்கிறது. காரணம் தெரியாத நுரையீரல் நார்மைக்கு (தழும்பு நோய்க்கு) 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறு காரணங்களால் வந்து முற்றிக்கொண்டே போகும் நார்மைகளுக்கு 2020-ல் அனுமதி கிடைத்தது. மூச்சுத்திறன் குறைகிற வேகத்தை அது மட்டுப்படுத்தும். போனதைத் திருப்பித் தராது.

இவ்வளவு தொல்லை தருகிற சங்கிலியை அறுத்தெறிந்துவிட்டால் என்ன? அறுந்த நிலையில் பிறந்த குழந்தைகள் இருக்கிறார்கள். 2003-ல் ஐராக்-4 வேலை செய்யாத குழந்தைகளைப் பற்றி மருத்துவ உலகம் முதன்முறையாக அறிந்தது. நிமோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் பரவியிருக்கும்போதும் இவர்களுக்குக் காய்ச்சல் தாமதமாகத்தான் வரும். அழற்சியின் அளவுகோலான சி.ஆர்.பி தாமதமாகத்தான் ஏறும். உடம்பு எச்சரிக்கவில்லை, அதனால் பெற்றோரும் மருத்துவரும் ஏமாந்துபோகிறார்கள். பதின்ம வயதைக் கடந்துவிட்டால் ஆபத்து குறைகிறது, அதற்குள் உயிரிழந்த குழந்தைகள் பலர். ஜாக்-3 என்ற கைனேஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் நிலை இன்னும் கடினம். 1995-ல் இந்தக் குறை அடையாளம் காணப்பட்டது. டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களே உருவாகாததால், எலும்பு மஜ்ஜை மாற்றாவிட்டால் அவர்கள் சாதாரணத் தொற்றிலேயே இறந்துபோவார்கள்.

ஆக, அறுக்கவும் கூடாது, அப்படியே விடவும் முடியாது. எந்தக் கைனேஸை, எவ்வளவு, எத்தனை நாள் அடக்குவது? கடந்த முப்பதாண்டில் அழற்சிக்கு எதிரான கைனேஸ் மருந்து ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். அதில் முதல் அத்தியாயம் தோல்வி.

1994-ல் ஸ்மித்கிளைன் பீச்சம் நிறுவனத்தின் விஞ்ஞானிகளிடம் ஒரு வேதிப்பொருள் இருந்தது. ரத்த செல்கள் டி.என்.எஃப், இன்டர்லூகின்-1 ஆகிய அழற்சிப் பொருள்களை உண்டாக்குவதை அது தடுத்தது. எப்படித் தடுக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஜான் லீ, பீட்டர் யங் ஆகியோரின் குழு அந்தப் பொருள் செல்லுக்குள் எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடியது. கிடைத்தது பி-38 என்ற கைனேஸ். வெப்பம், புற ஊதாக் கதிர், உப்புச் செறிவு, கிருமி என்று செல்லுக்கு எந்த நெருக்கடி வந்தாலும் விழித்துக்கொள்கிற கைனேஸ் அது. மூட்டுவாதத்துக்கு மாத்திரை வந்துவிட்டது என்றே மருந்துலகம் நம்பியது. பெரிய நிறுவனங்கள் எல்லாம் களத்தில் இறங்கின.

நோயாளிகளிடம் சோதித்தபோது முதல் ஓரிரு வாரங்களில் சி.ஆர்.பி சரசரவென்று இறங்கியது. பிறகு, மருந்தை நிறுத்தாமலேயே, பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. 2009-ல் வெளியான பாமாபிமாட், வி.எக்ஸ்-702 ஆய்வுகள் இரண்டிலும் மூட்டுவலிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான நிவாரணம் இல்லை. ஏன் என்பதற்குப் பின்னால் விளக்கம் கிடைத்தது. பி-38 அழற்சியைத் தூண்டுவதோடு நிற்பதில்லை, தனக்கு மேலே இருக்கும் டாக்-1-ஐ அடக்குவதும் அதே பி-38தான். அதை அடைத்ததும் டாக்-1 கட்டவிழ்ந்துபோய், ஐ.கே.கே வழியாக வேறு பாதையில் அழற்சியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கன்வேயர் உவமை இந்த இடத்தில் உதவாது. ஒற்றைத் தடம் என்று நினைத்தது ஒரு வலையாக இருந்தது.

வெற்றி வேறு பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்க தேசிய நலவாழ்வுக் கழகத்தில் ஜாக்-3 பற்றி ஆராய்ந்த ஜான் ஓ'ஷே 1990-களிலேயே ஃபைசர் நிறுவனத்துடன் கைகோத்தார். டி செல்லை உருவாக்கும் கைனேஸை அளவோடு அடக்கினால் நோயெதிர்ப்பின் மூர்க்கமும் அடங்கும் என்பது கணக்கு. விளைந்தது டோஃபாசிடினிப். 2012 நவம்பரில் முடக்குவாதத்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஊசியாக மட்டுமே போட முடிந்த விலையுயர்ந்த உயிரி மருந்துகளுக்கு மாற்றாக வாயில் போட்டுக்கொள்ளும் மாத்திரை. இந்திய நிறுவனங்கள் பலவும் இன்று அதைத் தயாரிக்கின்றன. காலையில் விரல் மடக்க முடியாமல், தோசைக்கரண்டி பிடிக்க முடியாமல் இருந்த பெண்களுக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்பதை வாதநோய்ப் பிரிவின் வெளிநோயாளி வரிசையில் நிற்கும் எவரும் சொல்வார்கள்.

இதே குடும்பத்து மருந்தான பாரிசிடினிப்பை 2021 மே மாதம் நாடே அறிந்துகொண்டது. கொரோனா இரண்டாவது அலையில் டோசிலிசுமாப் ஊசிக்கு அலைந்த நாட்கள் அவை. அந்த ஊசி இன்டர்லூகின்-6 என்ற செய்தியை ஏற்பியிலேயே மறிக்கிறது. பாரிசிடினிப், ஏற்பிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜாக் கைனேஸ்களை மறிக்கிறது. மே முதல் வாரத்தில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவசரப் பயன்பாட்டு அனுமதி அளித்தது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் கட்டாய உரிமம் கேட்டு விண்ணப்பித்தது. மருந்தின் உரிமையைக் கையில் வைத்திருந்த எலி லில்லி அதே மாதத்தில் இந்திய நிறுவனங்கள் பலவற்றுக்குத் தானாகவே உரிமம் கொடுத்தது. மருத்துவமனையில் சேர்ந்த 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த கோவ்-பேரியர் ஆய்வில், 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையோடு வெற்று மாத்திரை பெற்றவர்களில் 13 சதவீதம், பாரிசிடினிப் பெற்றவர்களில் 8 சதவீதம். 2022 ஜனவரியில் உலக நலவாழ்வு நிறுவனம் கடும் கொரோனாவுக்கு அதை வலுவாகப் பரிந்துரைத்தது.

தூசும் மூட்டும் சந்திக்கிற ஒரு புள்ளி உண்டு. 1953-ல் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டனி கேப்லன், முடக்குவாதம் உள்ளவர்களின் நுரையீரலில் வழக்கமான தூசுத் தழும்புகளுக்கு மாறாக உருண்டையான கட்டிகள் இருப்பதைக் கவனித்தார். அது கேப்லன் நோய்த்தொகுதி என்று இன்றும் பாடநூலில் இருக்கிறது. அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் சிலிக்கா தூசு முடக்குவாத வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை உறுதிப்படுத்தின. மூட்டுவலியோடு வருகிறவரிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பது சம்பிரதாயக் கேள்வி அல்ல.

இன்னொரு சந்திப்பு இதைவிட முக்கியம்: காசநோய். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது நூறாண்டுக்கும் மேலாக மருத்துவர்கள் அறிந்தது. துகள் தின்று நொந்த மேக்ரோபேஜ்தான் காசநோய்க் கிருமியையும் அடைத்துவைக்க வேண்டும். அதற்கு அது நம்பியிருப்பது டி செல் அனுப்பும் இன்டர்ஃபெரான்-காமா என்ற செய்தியை. அந்தச் செய்தி மேக்ரோபேஜுக்குள் நுழைவது ஜாக்-1, ஜாக்-2 கைனேஸ்கள் வழியாக. மூட்டுவலி மாத்திரை அடைப்பதும் அதே வழியைத்தான்.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. காசநோய் பாக்டீரியாவுக்குச் சொந்தமாகவே பதினொரு கைனேஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான பி.கே.என்-ஜி-யைத் தன்னை விழுங்கிய மேக்ரோபேஜுக்குள் அது கசியவிடுகிறது. அதனால் கிருமி இருக்கும் பை அமிலப்பையோடு சேராமல் தடைபடுகிறது என்று 2004-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. நம் செல்லுக்குள் புகுந்து, நம் செல்லின் மொழியிலேயே பேசி ஏய்க்கிறது.

மருந்துகள் பக்கம் திரும்பினால், ஒவ்வொரு கைனேஸின் உருவத்தையும் அணு அணுவாகத் தெரிந்துகொண்டுதான் அதன் பள்ளத்தில் பொருந்துகிற மருந்தைச் செதுக்குகிறார்கள். கைனேஸின் முதல் முப்பரிமாண உருவம் 1991-ல் கலிஃபோர்னியாவில் சூசன் டெய்லரின் குழுவால் வெளிவந்தது. எந்தப் புரதத்தின் உருவம் வந்தாலும் அது சரிதானா என்று பார்க்க உலகெங்கும் இன்றும் கையாளுவது, 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வகுத்த ராமச்சந்திரன் வரைபடத்தை. டோஃபாசிடினிப்புக்குப் பின்னால் சென்னையின் பங்கும் இருக்கிறது என்பது மிகை அல்ல.

2022 ஜனவரியில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இந்த மாத்திரைகளின் மறுபக்கத்தைக் காட்டியது. 50 வயதைக் கடந்த, இதயநோய்க்கான காரணி ஒன்றாவது உள்ள 4,362 முடக்குவாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் ஊசி மருந்து பெற்றவர்களைவிட டோஃபாசிடினிப் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயச் சிக்கல்களும் புற்றுநோயும் கூடுதலாக வந்தன. புகைபிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். காசநோய் எச்சரிக்கையோ மாத்திரை வந்த நாள்முதலே அதன் மருந்துக் குறிப்பேட்டில் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறது. காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நம் நாட்டில் அந்தக் கட்டத்தை வாசிக்காமல் மாத்திரையை நீட்டுவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

நெய்வேலியில் செய்ய வேண்டியதற்குக் கைனேஸ் அறிவியல் இன்னும் வளரக் காத்திருக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சுற்றுவட்டார நீர், மண் மாசு பற்றி அறிக்கை வெளியிட்டபோது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. நீருக்குக் கிடைத்த அந்தக் கவனம் மூச்சுக்கும் கிடைக்க வேண்டும். தூசு அளவீடுகள் பணியிடத்திலேயே தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். வேலையில் சேரும்போது ஒரு முறையும், பிறகு ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை என்று 1955-ன் சுரங்க விதிகளே சொல்லிவைத்தன. அதில் எடுக்கும் எக்ஸ்ரேயின் நகல் தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். காண்ட்ராக்டர் மாறினாலும் அந்தக் கோப்பு தொலையக் கூடாது. வேலையிலிருந்து நின்றவர்களையும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் நோய் அப்போதுதான் தலைகாட்டும்.

மருந்துச் சீட்டில் டோஃபாசிடினிப் என்றோ பாரிசிடினிப் என்றோ எழுதியிருந்தால், முதல் மாத்திரை போடும் முன் காசநோய்க்கான பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் ஆகிவிட்டனவா என்று கேளுங்கள். சுரங்கத்திலோ சாம்பல் பிரிவிலோ குவாரியிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே அதைச் சொல்லிவிடுங்கள்.